கேள்வி நேரமும் காட்டுப்பன்றியும்

ரெண்டு வாரமா இங்கே எதுவும் எழுதலை. மானாவாரிக் கொல்லியில் இந்த வருசம் மல்லாட்டை போடுறதா வேண்டாமா என்று யோசித்தே நாள் போய்விட்டது. ஆனி பிறந்தாச்சு, ரெண்டு மழையும் பெய்தாச்சு. ஏர் ஓட்டி வைத்த நிலம் அப்படியே கிடக்கிறது. விதைக்காய் உடைத்து மூட்டையில் இருக்கிறது. கை மட்டும் வரமாட்டேங்குது.

காரணம் எங்க ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியூரில் இருந்து படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். ஆலங்காயத்தில் இருந்து மலைப்பக்கம் போனால் ஜவ்வாது மலை அடிவாரத்தில் ஒட்டி ஒட்டி இருக்கிற நிலங்கள் எங்களுடையது. என் கொல்லிக்கும் காப்புக்காட்டு எல்லைக் கல்லுக்கும் நடுவில் 400 மீட்டர்கூட இருக்காது. போன வருசம் முக்கால் ஏக்கர் மல்லாட்டை, காய் முற்றி இன்னும் பத்து நாளில் பிடுங்கலாம் என்ற நேரத்தில் பன்றிக் கூட்டம் இறங்கியது. மூணே ராத்திரி. டிராக்டர் விட்டு உழுத மாதிரி ஆக்கிவிட்டுப் போய்விட்டது. மிஞ்சினது நாலு மூட்டை. கொடியை மாட்டுக்குப் போட்டேன்.

இதுக்கும் சட்டசபைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். இருக்கிறது. அதைத்தான் எழுத உட்கார்ந்தேன்.

இந்த 2025 மார்ச், ஏப்ரலில் பட்ஜெட் கூட்டத்தொடர் நடந்தபோது, மோட்டார் ரூமில் உட்கார்ந்து தண்ணி பாய்ச்சிக்கொண்டே போனில் கேள்வி நேரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் விடாமல் இல்லை, கரண்ட் இருந்த நாளெல்லாம். 2022 ஜனவரியில் இருந்து கேள்வி நேரத்தை நேரலையாகக் காட்டுகிறார்கள். அதுக்கு முன்னால் சாயங்காலம் செய்தியில் வருகிற ரெண்டு நிமிசம்தான் நமக்குச் சட்டசபை. யார் கத்தினார், யார் வெளிநடப்பு செய்தார், யாரைக் காவலர்கள் வெளியே தூக்கிப்போனார்கள், அவ்வளவுதான்.

பக்கத்துக் கொல்லி மாமா வந்து எட்டிப் பார்த்தார்.

"இன்னா மாப்ள, சினிமாவா?"

"இல்ல மாமா, சட்டசபை."

"நல்லா இருக்குதுபா. பன்னி வந்து கொல்லிய நோண்டிட்டுப் போவுது, நீ போன நோண்டிக்கினு கீற. அவங்க பேசி இன்னா ஆவப் போவுது?"

எனக்கு உடனே பதில் சொல்லத் தெரியவில்லை. சொல்ல முடியாத அந்தப் பதிலைத்தான் இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் ஒரு சாதாரண நாள் எப்படிப் போகிறது என்று சொல்லிவிடுகிறேன். சண்டை இல்லாத நாள், செய்தியில் வராத நாள். பேரவைத் தலைவர் வந்து உட்கார்ந்ததும் ஒரு திருக்குறள் படித்துப் பொருள் சொல்கிறார். முன்னாள் உறுப்பினர் யாராவது இறந்திருந்தால் இரங்கல் குறிப்பு, எழுந்து நின்று மௌனம். அப்புறம் வினாக்கள் விடைகள். உறுப்பினர் எழுந்து, "மாண்புமிகு பேரவைத் தலைவர் வாயிலாக மாண்புமிகு அமைச்சர் அவர்களைக் கேட்டு அமைகிறேன்" என்று முடிப்பார். எங்க ஊரில் பாலம் வருமா, கல்லூரி வருமா, ஏரி தூர் வாரப்படுமா, துணை மின் நிலையம் எப்போது வரும். அமைச்சர் சொல்லும் பதில் பெரும்பாலும் ரெண்டு மூணு அச்சில் வார்த்தது. ஒன்று, "நிதி நிலைமைக்கேற்பப் பரிசீலிக்கப்படும்." இன்னொன்று, "தற்போது அத்தகைய கருத்துரு ஏதும் இல்லை." உறுப்பினர் நன்றி சொல்லிவிட்டு இன்னொரு துணைக் கேள்வி கேட்பார். தலைவர் "சுருக்கமா, சுருக்கமா" என்பார்.

அது முடிந்தால் நேரமில்லா நேரம், கவன ஈர்ப்பு. பிறகு ஏடுகளை மேசை மேல் வைப்பது. பிறகு அந்தந்தத் துறையின் மானியக் கோரிக்கை. அதாவது, வேளாண்மைத் துறைக்கு இந்த வருசம் இவ்வளவு பணம் செலவழிக்க அவை அனுமதி கொடு என்று அமைச்சர் கேட்பது. எதிர்க்கட்சிக்காரர்கள் வெட்டுத் தீர்மானம் கொடுப்பார்கள், பெயருக்கு ஒரு நூறு ரூபாயைக் குறை என்று. நூறு ரூபாய் அங்கே முக்கியமில்லை, குறை சொல்ல அது ஒரு வாசல். கடைசியில் அமைச்சர் பதிலுரை, புதிய அறிவிப்புகள், குரல் வாக்கெடுப்பு, நிறைவேறியது. அடுத்த நாள் அடுத்த துறை.

பார்க்கிறபோது தூக்கம் வரும். உண்மையைச் சொன்னால் ஒருநாள் தூங்கிவிட்டேன், வாய்க்கால் உடைந்து தண்ணி வேறெங்கோ போய்விட்டது.

ஆனால் நம் வாழ்க்கையை மாற்றுகிற காரியம் எல்லாம் இந்தத் தூக்கம் வருகிற நாட்களில்தான் நடக்கிறது. மூணு உதாரணம் சொல்கிறேன்.

ஒன்று, 2021 பிப்ரவரி 5. அன்றைக்கு முதலமைச்சராக இருந்த எடப்பாடி பழனிசாமி கூட்டுறவு வங்கிப் பயிர்க்கடன் தள்ளுபடி என்று பேரவையில் அறிவித்தார். 12,110 கோடி ரூபாய், 16.43 லட்சம் விவசாயிகள். எங்க தெருவிலேயே பல பேருக்கு வாழ்வு வந்தது, மறுக்கவில்லை. ஆனால் அது 110 விதியின் கீழ் வந்த அறிவிப்பு. 110 விதி என்றால் அறிக்கை படிக்கலாம், அதன் மேல் விவாதம் கிடையாது. கடன் வாங்கி வட்டியோடு ஒழுங்காகக் கட்டியவனுக்கு என்ன, கூட்டுறவில் கடனே கிடைக்காமல் தனியாரிடம் மூணு வட்டிக்கு வாங்கினவனுக்கு என்ன என்று அந்த இடத்தில் அப்போதே எழுந்து கேட்க வழியில்லை. இது ஒரு கட்சியின் பழக்கம் அல்ல. கொடுக்கிறது கொடையாக இருக்கலாம், ஆனால் கணக்கைக் கேட்க முடியாத கொடை.

ரெண்டாவது, 2023 ஏப்ரல் 21. கூட்டத்தொடரின் கடைசி நாள். வரிசையாக மசோதாக்கள் நிறைவேறின. அதில் ஒன்று தொழிற்சாலைகளில் 12 மணி நேர வேலைக்கு வழி விடுகிற திருத்தம். கூட்டணிக் கட்சிகளே எதிர்த்து வெளிநடப்பு செய்தன, தொழிற்சங்கங்கள் கொதித்தன, மே தினத்தன்று முதலமைச்சர் ஸ்டாலின் அதைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னார். எல்லாரும் அதைப் பற்றிப் பேசினோம். ஆனால் அதே நாளில் விவாதம் இல்லாமல் நிறைவேறிய இன்னொன்று, தமிழ்நாடு நில ஒருங்கிணைப்பு (சிறப்புத் திட்டங்களுக்கான) சட்டம். 100 ஹெக்டேருக்குக் குறையாத நிலத்தில், நடுவில் ஏரி, ஓடை, வாய்க்கால் இருந்தாலும், சிறப்புத் திட்டம் என்று அறிவித்து மொத்தமாக ஒருங்கிணைக்க வழி செய்கிற சட்டம். ஏரி, ஓடை, வாய்க்கால் என்றால் அது யார் சொத்து? யார் வயிற்றில் கை வைக்கிற விஷயம்? விவசாய சங்கங்கள் பிறகு போராடிப் பார்த்தன. தொழிலாளிக்குச் சங்கம் இருந்தது, கூட்டணிக் கட்சி இருந்தது, பத்து நாளில் அவர்கள் சட்டம் திரும்பியது. நம்முடையது அப்படித் திரும்பவில்லை. நாம் செய்தி பார்த்தபோது கதை முடிந்திருந்தது.

மூணாவதுதான் என் கொல்லி. 2025 ஜனவரியில் அன்றைய வனத்துறை அமைச்சர் பொன்முடி காட்டுப்பன்றி பற்றிப் பேரவையில் அறிவித்தார். காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டர் வரை பன்றியைக் கொல்ல அனுமதி இல்லை. 1 முதல் 3 கிலோமீட்டர் வரை வனத்துறை பிடித்துக் காட்டில் கொண்டுபோய் விடும். 3 கிலோமீட்டருக்கு அப்பால் பயிற்சி பெற்ற வனத்துறைக்காரர்கள் சுடலாம். டீக்கடையில் எல்லாரும் குதித்தார்கள், "பன்னிய சுடலாம்னு சொல்லிட்டாங்க!" என்று. வீட்டுக்கு வந்து உட்கார்ந்து பார்த்தேன். என் நிலம் 400 மீட்டர். பிடித்துக் காட்டில் விடுகிறார்களே, அந்தக் காடு என் கொல்லிக்குப் பின்னால் இருக்கிற காடுதான்!

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். முதல் கிலோமீட்டரில் துப்பாக்கி வேண்டாம் என்பதில் நியாயம் இருக்கிறது. காட்டு ஓரத்தில் பன்றி மட்டும் நடமாடுவதில்லை, மானும் இருக்கிறது, கரடியும் இருக்கிறது. இருட்டில் சுடுகிறவனுக்கு எது பன்றி, எது மாடு, எது மனுசன் என்று தெரியாது. பன்றியைச் சாக்காக வைத்து வேட்டைக்காரன் நுழைவான். எல்லாம் சரி. ஆனால் சுடக்கூடாது என்றால், அந்த 1 கிலோமீட்டர்காரன் என்ன செய்யணும்? அந்த வரி மட்டும் பதிலில் காலியாக இருக்கிறது. சூரிய மின்வேலிக்கு முழு மானியம் அவனுக்கு முதலில் கிடைக்குமா? அகழி வெட்டுவார்களா? இழப்பீடு எத்தனை நாளில் வரும்?

இழப்பீடு இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. போன வருசம் நானும் மனு கொடுத்தேன். சிட்டா, அடங்கல், ஆதார், வங்கிப் புத்தகம், போட்டோ எல்லாம் கொண்டுபோனேன். போட்டோ தெளிவாக இல்லை என்று ஓர் அலுவலகத்தில் திருப்பி அனுப்பினார்கள். நான் திரும்பி வருவதற்குள் நிலத்தை உழுதுவிட்டேன். உழுத நிலத்தைப் படம் எடுத்து என்ன காட்டுவது? விட்டுவிட்டேன். மலைக்கு அந்தப் பக்கம் ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை மாவட்டம், இந்தப் பக்கம் நாங்கள் திருப்பத்தூர் மாவட்டம். பன்றிக்கு மாவட்டம் கிடையாது. மனுவுக்கு உண்டு.

வழி இல்லாதபோது மனுசன் என்ன செய்வான்? திருட்டுத்தனமாகக் கரண்ட் வேலி போடுவான், அவுட்டுக்காய் வைப்பான். பன்றி சாகிறதோ இல்லையோ, காத்தாலே தண்ணி பாய்ச்சப் போகிறவன் சாகிறான், மேய்கிற பசு வாய் வெடித்துச் சாகிறது. இந்த மாதிரிச் செய்தி தமிழ்நாட்டில் எத்தனை முறை படித்தாச்சு. அந்தக் காலி வரியின் விலை அது.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். கேரளாவில் 2022 மே மாதத்தில், பன்றியைச் சுட அனுமதி கொடுக்கும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களிடமே கொடுத்தார்கள். அது முழுசாச் சரி என்று நான் சொல்லவில்லை. ஆனால் முடிவு எடுக்கிறவர் வீட்டுக்கு நடந்து போகிற தூரத்தில் இருக்கிறார். நமக்கு முடிவு 200 கிலோமீட்டருக்கு அப்பால் கோட்டையில் இருக்கிறது. பக்கத்தில் காவலூரில் 2.34 மீட்டர் கண்ணாடி வைத்த டெலஸ்கோப் இருக்கிறது, எங்கேயோ இருக்கிற நட்சத்திரம் அதில் தெரிகிறது. கோட்டையில் நம்மைப் பற்றி என்ன முடிவாகிறது என்பதுதான் தெரியமாட்டேங்குது.

இந்த இடம் வரை எழுதிவிட்டு எனக்கே கூச்சமாக இருந்தது. ஏன் என்றால், அந்தக் காலி வரியை நிரப்பச் சொல்லி யாராவது கேள்வி எழுதிக் கொடுத்தோமா? பேரவையில் கேள்வி என்பது அன்றைக்கு எழுந்து கேட்பது இல்லை. உறுப்பினர் முன்கூட்டியே எழுதிக் கொடுக்கணும். நட்சத்திரக் குறி போட்ட வினாவுக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்வார், குறி போடாததற்கு எழுத்தில் பதில் வரும். எழுத்துப் பதிலும் அரசின் பதில்தான், அதையும் பிறகு கையில் பிடித்துக்கொண்டு கேட்கலாம். ஆலங்காயம் பேரூராட்சி வாணியம்பாடி தொகுதியில் வருகிறது, 234-ல் 47-வது தொகுதி. எங்க எம்.எல்.ஏ.வைக் கல்யாணத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம், காதுகுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறோம், முதியோர் பென்சனுக்குக் கையெழுத்து கேட்டிருக்கிறோம், கோவில் கும்பாபிஷேகத்துக்கு நன்கொடை கேட்டிருக்கிறோம். எந்தக் கட்சி எம்.எல்.ஏ. வந்தாலும் இதைத்தான் கேட்டிருக்கிறோம். "ஐயா, அடுத்த கூட்டத்தொடரில் இந்தக் கேள்வியைப் போடுங்க" என்று ஒரு தாள் எழுதிக் கொடுத்ததில்லை. நான் உட்பட.

எம்.எல்.ஏ. பக்கமும் கொஞ்சம் நியாயம் பேசணும். 1985-ல் வந்த கட்சித்தாவல் தடைச் சட்டத்துக்குப் பிறகு, கொறடா சொன்னதை மீறி ஓட்டுப் போட்டால் பதவி போய்விடும். அதனால் "ஆம்" என்பவர் குரல் பலமா, "இல்லை" என்பவர் குரல் பலமா என்று கேட்கிறபோது பதில் முன்னாலேயே தெரியும். மானியக் கோரிக்கையில் பேசக் கிடைக்கிற சில நிமிசத்தில் பாதி தலைவர்களுக்கு நன்றி சொல்லவே போய்விடும். அவர்கள் கட்சிக்குக் கட்டுப்படாமல் சொந்தமாக வாய் திறக்கிற இடம் ஒன்றே ஒன்றுதான், கேள்வி. கேள்விக்குக் கொறடா கிடையாது. ஆளுங்கட்சி உறுப்பினரும் கேட்கலாம். அந்த ஒரு இடத்தையும் நாம் அவர்களுக்கு வெறுங்கையோடு விட்டிருக்கிறோம்.

அதனால் என் கருத்து இதுதான்.

அவை அதிக நாள் நடக்கணும். ஆண்டுக்கு 100 நாள் நடத்துவோம் என்று 2021 தேர்தல் அறிக்கையில் தி.மு.க. சொன்னது. எந்த வருசமும் அதைத் தொடவில்லை. அதற்கு முன் ஆண்டவர்களும் தொடவில்லை. நூறு நாள் வேலையில் நாள் குறைந்தால் நாம் மறியல் செய்கிறோம். 234 பேருக்கான இந்த நூறு நாள் வேலையில் குறைவதை யாரும் கேட்கவில்லை. நாள் குறைந்தால் ஒரே நாளில் ரெண்டு மூணு துறை ஓடும், கடைசி நாளில் மசோதா குவியும்.

கேள்வி நேரம் மட்டும் போதாது, முழு நாளையும் நேரலையாகக் காட்டணும். கேரளா 2020-லேயே சபா டிவி என்று ஒன்றை ஆரம்பித்துவிட்டது. மசோதா நிறைவேறுகிற நேரத்தை மக்கள் பார்க்கக்கூடாது என்று எந்த நியாயமும் இல்லை.

நிலம், நீர், காடு பற்றிய மசோதா எதுவானாலும் கூட்டத்தொடரின் கடைசி நாளில் நிறைவேற்றக் கூடாது. குறைந்தது அடுத்த கிராம சபை வரைக்குமாவது ஊரில் அது கிடக்கணும். வருசத்துக்கு ஆறு கிராம சபை இருக்கிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ரெண்டு மாசம், மூணு மாசம் பொறுத்தால் குடி முழுகிப் போகாது.

நாம் செய்ய வேண்டியதும் இருக்கிறது. பேரவையில் அரசு உறுதிமொழிக் குழு என்று ஒன்று உண்டு. அமைச்சர் அவையில் "செய்கிறோம்" என்று சொன்னதைச் செய்தாரா என்று பார்ப்பது அதன் வேலை. மனுக்கள் குழு என்று இன்னொன்று, மாவட்டம் மாவட்டமாக வந்து பொதுமக்கள் மனுவை விசாரிக்கும். ரெண்டுமே நமக்காக இருக்கிறது. ஊரில் பத்துப் பேரைக் கேட்டால் ஒன்பது பேருக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. ஏப்ரல் வரை எனக்கும் தெரியாது.

போன ஞாயிற்றுக்கிழமை காட்டோரக் கொல்லிக்காரர்கள் பதினோரு பேர் எங்க களத்தில் உட்கார்ந்தோம். பக்கத்துக் கொல்லி மாமாவும் வந்தார், முணுமுணுத்துக்கொண்டே. நாலு கேள்வி எழுதினோம். காப்புக்காட்டில் இருந்து 1 கிலோமீட்டருக்குள் திருப்பத்தூர் மாவட்டத்தில் எத்தனை பட்டாதாரர் இருக்கிறார்கள்? அவர்களுக்குப் பன்றி வேலிக்குத் தனி மானியம் கொடுக்க அரசு முன்வருமா? பயிர்ச் சேத மனுவை எத்தனை நாளில் முடிக்கணும் என்று காலக்கெடு உண்டா? போன வருசம் வந்த மனு எத்தனை, பணம் கொடுத்தது எத்தனை? கடைசிக் கேள்வி மாமா சொன்னது. "கணக்கு கேளு மாப்ள, கணக்கு கேட்டாதான் பயம் வரும்" என்றார். பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு, ஒன்றை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம். ஆகஸ்ட் 15 கிராம சபையில் இதையே தீர்மானமாக வைக்கப் போகிறோம்.

பதில் "பரிசீலிக்கப்படும்" என்றுதான் வரலாம். வரட்டும். அந்த வார்த்தையை வைத்துக்கொண்டு உறுதிமொழிக் குழுவுக்கு அடுத்த தாள் எழுதலாம். உங்க ஊர் காட்டோரமாக இருந்தால் நீங்களும் இந்த நாலு கேள்வியை உங்க தொகுதிக்கு ஏற்ற மாதிரி மாற்றி எழுதிக் கொடுங்கள். ஒரு தொகுதியில் இருந்து வந்தால் அது ஒரு கேள்வி. மலையைச் சுற்றி இருக்கிற தொகுதி எல்லாவற்றில் இருந்தும் வந்தால் அதை ஒதுக்க முடியாது.

கொல்லி விஷயம் என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். மேல் பாதியில் சாமை விதைத்துவிட்டேன், கெட்டாலும் நஷ்டம் கம்மி. வீட்டுப் பக்கத்துப் பாதியில் மல்லாட்டை. பரணுக்குக் கழி வெட்டி வைத்திருக்கிறேன். காய் முற்றும்போது மாமாவும் நானும் முறை வைத்துக் காவல் இருப்பதாகப் பேச்சு. ராத்திரி முழிக்கிறதுக்குத் துணையா, அடுத்த கூட்டத்தொடர் கேள்வி நேரத்தை அவருக்குப் போட்டுக் காட்டுவேன். தூங்காமல் பார்ப்பார். நாலாவது கேள்வி அவருடையது.